எங்கள் அப்பத்தா, ஊருக்கு டீச்சர்

2024 தை மாதம் எங்கள் அப்பத்தா காலமானார். 86 வயது, படுக்கையில் கிடந்தது பத்து நாள்கூட இருக்காது, கல்யாணச் சாவு என்று ஊரில் சொன்னார்கள். கொட்டு, வேட்டு எல்லாம் வைத்துத்தான் எடுத்துப்போனோம். அன்றைக்கு வந்தவர்களில் பாதிப் பேரை எங்களுக்கு யாரென்றே தெரியவில்லை. மாலையைப் போட்டுவிட்டு, பக்கத்தில் யார் நின்றாலும் அவரிடம், "நான் டீச்சர்கிட்ட மூணாப்பு வரைக்கும் படிச்சேன்", "நான் ரெண்டு வருசந்தான் படிச்சேன், அப்புறம் ஆடு மேய்க்க விட்டுட்டாக" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்கள். அப்பத்தாவிடம் படித்து என்ஜினியர் ஆனவர்களும் பேங்க் வேலைக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் வந்தார்கள், வர முடியாதவர்கள் போன் செய்தார்கள். ஆனாலும் அன்றைக்கு வாசலை நிறைத்து நின்றவர்கள் பாதியில் படிப்பை விட்டவர்கள்தான்.

அப்பத்தா பிறந்தது 1937ல், ஆலங்குடிப் பக்கம். அப்போது அது புதுக்கோட்டை சமஸ்தானம். 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து திருச்சி ஜில்லாவுக்குள் போனபோது அப்பத்தாவுக்குப் பத்து வயது. அம்மன் காசு கொடுத்துப் பொரிகடலை வாங்கித் தின்றது கடைசி வரை அவருக்கு ஞாபகம் இருந்தது. அவருடைய அப்பா சமஸ்தானத்தில் கடைநிலை ஊழியர். பெண் பிள்ளையை எதற்கு எட்டாவது வரை படிக்கவைக்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டபோதெல்லாம் அவர் முத்துலட்சுமி ரெட்டியைத்தான் பதிலாகச் சொல்வாராம். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர்ந்த முதல் பெண், பிறகு மெட்ராஸில் டாக்டருக்குப் படித்தவர், சட்டசபைக்குப் போனவர். "அந்தம்மா பொறந்த ஊர்ல இருந்துக்கிட்டு என்னய நிறுத்தச் சொல்றீகளா" என்று கேட்டு வாயை அடைத்திருக்கிறார். அப்படியும் வீட்டு நிலைமையால் எட்டாவதோடுதான் நின்றது. ஆனால் அந்தக் காலத்தில் எட்டாவது முடித்தால் இரண்டு வருடம் பயிற்சி எடுத்து ஹையர் கிரேடு வாத்தியாராகலாம். திருச்சிப் பக்கம் ஒரு ஆதாரப் பயிற்சிப் பள்ளியில் சேர்த்துவிட்டார். காந்தி வழிக் கல்வி, அதனால் தினமும் தக்ளியில் நூல் நூற்க வேண்டும். அந்தத் தக்ளி ரொம்ப நாள் எங்கள் வீட்டு அலமாரியில் கிடந்தது.

1955ல் வேலைக்குச் சேர்ந்தார், அதே வருடம் கல்யாணம். அவருடைய பள்ளிக்கூடம் ஒரே ஒரு நீளமான ஓட்டுக்கட்டடம், ஐந்து வகுப்பு, இரண்டு வாத்தியார். தலைமை ஆசிரியர் நான்கையும் ஐந்தையும் பார்த்துக்கொள்வார், ஒன்று முதல் மூன்று வரை அப்பத்தாவுக்கு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மணலில் விரலால் 'அ' போட்டுக்கொண்டிருக்கும், இரண்டாம் வகுப்பு புளியங்கொட்டையை வைத்துக் கூட்டிக்கொண்டிருக்கும், மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடக்கும், அதே சமயம் அந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்பு வாய்ப்பாட்டைக் கத்திக்கொண்டிருக்கும். இதற்கு நடுவே பாடம் நடத்துவது சாதாரண வித்தை இல்லை. மாதம் ஒருமுறை கரும்பலகைக்குக் கரியும் ஊமத்தை இலையும் சேர்த்து அரைத்துப் பூசுவார்கள். அதைப் பெரிய பிள்ளைகளை விட்டுச் செய்யச் சொல்லாமல் அப்பத்தாவே செய்வார், ஊமத்தை விஷம் என்பதால். பூசி முடித்த பிறகு இரண்டு நாளைக்கு விரல் இடுக்கெல்லாம் பச்சையும் கறுப்புமாக இருக்கும், அந்தக் கையோடு சோற்றைத் தொட முடியாமல் கரண்டியால் சாப்பிடுவார்.

அது காமராஜர் காலம். 1956ல் மதிய உணவு வந்தது. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன, நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்து ஊர் ஊராக நடத்தியவை. ஊர்க்காரர்களே மேளதாளத்தோடு பெஞ்சு, கடிகாரம், குடம், கரும்பலகை என்று கொண்டுவந்து பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பார்கள். எங்கள் ஊரில் ஒருவர் கொடுத்த சுவர்க்கடிகாரம் ரொம்ப காலம் ஓடியதாம். அந்த ஐந்தாறு வருடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அப்பத்தாவின் குரலே மாறிவிடும். சோறு போட்டதால் பிள்ளைகள் வந்தார்கள் என்று யாராவது லேசாகச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "சோத்துக்குத்தான் வந்துச்சுக, வரட்டுமே. வந்ததுக்கப்புறம் நான் பாத்துக்கிற மாட்டேனா" என்பார்.

அவர் பாடம் எப்படி நடத்துவார் என்று கேட்டால் நன்றாக நடத்துவார் என்று சொல்வேன், ஆனால் அவரை ஊர் ஞாபகம் வைத்திருப்பது அதற்காக இல்லை. பதிவேட்டை எடுத்துப் பெயர் வாசிக்கும்போது எல்லா வாத்தியார்களும் 'உள்ளேன் ஐயா' சொன்ன பிள்ளைக்கு டிக் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போவார்கள். அப்பத்தா பதில் வராத பெயரில் நின்றுவிடுவார். ஏன் வரவில்லை, யாருக்குத் தெரியும், நேற்று சாயங்காலம் யார் பார்த்தது. மறுநாள் காலையில் ஏழரை மணிக்கே வீட்டிலிருந்து கிளம்பி, பள்ளிக்கூடத்துக்கு நேரே போகாமல், வராத பிள்ளையின் வீட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போவார். முந்திரிக்காட்டில் இருக்கும், கண்மாய்க்கரையில் ஆட்டோடு இருக்கும், கடலை ஆய்கிற இடத்தில் இருக்கும். பெற்றவர்களிடம் சண்டை போட மாட்டார். திண்ணையில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடிப்பார், வீட்டு நிலவரம் கேட்பார், போகும்போது பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார். தண்ணீர் வாங்கிக் குடிப்பது சும்மா இல்லை. ஊருக்குத் தெற்கே இருந்த காலனி வீடுகளிலும் அவர் வாங்கிக் குடித்தார். 1950களில் எங்கள் தெருவில் அதற்கு என்ன பேச்சு வந்திருக்கும் என்று தமிழ்நாட்டுக் கிராமத்தில் வளர்ந்த யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்திலும் ஒரே பானை, ஒரே தம்ளர் என்று ஆக்கினார். இரண்டு குடும்பம் பிள்ளையை நிறுத்தியது. அந்த இரண்டு வீட்டுத் திண்ணையிலும் போய் உட்கார்ந்து தண்ணீர் கேட்டிருக்கிறார்.

பெண் பிள்ளைகள் வராததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், வீட்டில் கைக்குழந்தை. அம்மா களை எடுக்கப் போய்விடுவாள், எட்டு வயது அக்கா இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு நிற்கும். "தூக்கிக்கிட்டே வா" என்று சொல்லிவிட்டார். வகுப்பின் ஓரத்தில் ஒரு பழைய சேலையைத் தூளியாகக் கட்டியிருந்தது. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் இது பள்ளிக்கூடமா பிள்ளை வளர்க்கிற இடமா என்று கேட்டதற்கு, "ரெண்டுந்தான் சார்" என்று சொல்லி, தூளியை அவிழ்க்காமல் விட்டதாக அவருடைய பழைய மாணவிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பிறந்த தேதி விஷயம் இன்னொன்று. அன்றைக்கு யாரிடமும் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று கணக்கு. தேதிக்கு என்ன செய்வது? பல பள்ளிகளில் எல்லாருக்கும் ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு நாளைப் போட்டு முடித்துவிடுவார்கள். அப்பத்தாவுக்கு அது பிடிக்காது. அம்மாக்காரியை உட்காரவைத்துத் துருவுவார். தனுஷ்கோடியில் புயல் அடித்த மார்கழியா, அதற்கு முன்னாலா பின்னாலா. நேரு செத்தபோது இவன் வயிற்றிலா கையிலா. அண்ணா இறந்த சேதி ரேடியோவில் வந்தபோது எனக்கு வலி எடுத்தது என்று ஒரு அம்மா சொல்லியிருக்கிறார், அந்தப் பிள்ளைக்கு 1969 பிப்ரவரி 3 என்றே எழுதினார். அவர் இப்போது அறந்தாங்கியில் கடை வைத்திருக்கிறார், தன் பிறந்தநாள் நிஜமான பிறந்தநாள் என்று சொல்லிச் சந்தோஷப்படுவார். எங்கள் ஊரில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களின் ஆதார் அட்டையில் இருக்கும் தேதிகளில் நிறைய எங்கள் அப்பத்தா கேட்டுக் கேட்டு எழுதியவைதான்.

அதே 1969ல்தான் எங்கள் தாத்தா இறந்தார். மஞ்சள் காமாலை. அப்பத்தாவுக்கு 32 வயது. பெரிய அத்தைக்குப் பன்னிரண்டு, எங்கள் அப்பாவுக்கு ஒன்பது, சித்தப்பாவுக்கு ஐந்து, சின்ன அத்தை கைக்குழந்தை. தாத்தாவின் அம்மா, அவரை அப்பத்தா 'ஆத்தா' என்பார், இருந்தார். அவர் நாற்று நட, களை எடுக்கப் போய்க் கூலி வாங்கி வந்தால்தான் மாதக் கடைசியில் அடுப்பு எரியும், ஏனென்றால் அன்றைக்கு ஹையர் கிரேடு சம்பளம் அவ்வளவு குறைவு, அதுவும் மாதா மாதம் ஒழுங்காக வராது. தாத்தாவின் தங்கை ஒருவர் கல்யாணத்துக்கு நின்றார், தம்பி ஒருவர் படித்துக்கொண்டிருந்தார்.

கைக்குழந்தையை யார் பார்ப்பது? பெரிய அத்தை ஏழாவதோடு நிறுத்தப்பட்டார்.

இதை எழுதாமல் அப்பத்தாவைப் பற்றி எழுத முடியாது. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் இடுப்புக் குழந்தையோடு வா என்று கூப்பிட்டவர், தன் மூத்த மகளை இடுப்புக் குழந்தையோடு வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அத்தைக்கு ஏழாவது படிக்க நடுநிலைப்பள்ளிக்கு வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்தது, அங்கே தூளி கட்ட அனுமதிக்க யாரும் இல்லை. நான் இதற்காக அப்பத்தாவைக் குறை சொல்ல மாட்டேன், அந்த நிலைமையில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தால் பதில் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் செய்த பல காரியங்களுக்கு அடியில் இது இருந்தது என்று நம்புகிறேன். அத்தையிடம் இதைச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, அப்ப வேற வழி இல்ல. எங்கம்மா எப்பயும் அப்படித்தான்" என்று முடித்துவிடுவார்.

அந்த வருடம் விஜயதசமிக்கு இன்னொன்று நடந்தது. வருடா வருடம் அன்றைக்குப் புதுப் பிள்ளைகளின் விரலைப் பிடித்து நெல்லில் முதல் எழுத்தை எழுதவைப்பது அப்பத்தாதான். அந்த முறை பிள்ளைகளைக் கூட்டி வந்தவர்கள் தயங்கித் தயங்கித் தலைமை ஆசிரியர் பக்கம் போய் நின்றார்கள். தாலி அறுத்தவள் கையால் எழுத்தைத் தொடங்குவதா என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. அப்பத்தா ஒன்றும் பேசாமல் பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்தார். காலனியிலிருந்து வந்த ஒரு அம்மா நேராக அப்பத்தாவிடம் வந்து மகளை மடியில் உட்காரவைத்து, "எழுத்து வந்தாலே எங்களுக்கு நல்லதுதான் டீச்சர், நீங்க பிடிச்சு விடுங்க" என்றாராம். அப்பத்தா இந்தக் கதையை என்னிடம் சொன்னது எத்தனையோ வருடம் கழித்து, அப்போதும் அந்த அம்மாவின் பெயரைச் சொல்லும்போது குரல் உடைந்தது. அந்தப் பிள்ளை பின்னாளில் நர்ஸ் ஆனார். அடுத்தடுத்த வருடங்களில் மற்றவர்களும் திரும்பி வந்தார்கள். அவர்களிடம் அப்பத்தா முகம் திருப்பவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை.

குடும்பத்தை அவர் நடத்தியதைச் சொல்ல வேண்டும். கொழுந்தனைப் படிக்கவைத்து, நாத்தனாருக்குக் கல்யாணம் செய்துவைத்து, அதற்கு வாங்கிய கடனை ஏழெட்டு வருடம் அடைத்து, நடுவே ராத்திரி விளக்கில் தானே உட்கார்ந்து எஸ்.எஸ்.எல்.சி.யைத் தனித்தேர்வராக எழுதிப் பாஸாகி. 1981ல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆன பிறகுதான் வீட்டில் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. வரவு செலவெல்லாம் நோட்டில் எழுதுவார். பால் இத்தனை, ஆத்தாவுக்கு வெற்றிலை இத்தனை. யாராவது ஒருவர் சாப்பிட வரவில்லை என்றால் அந்த வீட்டில் பந்தி முடிந்ததாகக் கணக்கில்லை. நாங்கள் பேரப்பிள்ளைகள் லீவுக்குப் போனால் சாப்பாட்டுத் தட்டுகளை எண்ணுவார், ஒரு தட்டு மிச்சம் இருந்தால் அது யாருடையது என்று தெரியும் வரை அவர் கையில் சோறு இறங்காது. ஒருமுறை என் அண்ணன் கோபித்துக்கொண்டு மோட்டார் கொட்டகையில் போய்ப் படுத்துவிட்டான். அப்பத்தா டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு தேடிப் போனார், பக்கத்தில் உட்கார்ந்தார், ஏன் கோபம் என்று கேட்கவே இல்லை, அங்கேயே இருவரும் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

அந்த நோட்டுகளில் ஒரு விஷயம் நான் பெரியவனான பிறகுதான் கவனித்தேன். 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. ணை, லை, ளை, னை எல்லாம் அதுவரை தும்பிக்கை போலக் கொம்பு வளைந்து முன்னால் நிற்கும், ணா, றா, னா எல்லாம் கால் இல்லாமல் கீழே சுழித்துக்கொண்டு போகும். பெரியார் பல வருடமாகத் தன் பத்திரிகைகளில் எழுதிவந்த முறையை அரசு எடுத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி காலும் கொம்பும் என்று ஆக்கியது. பாடப்புத்தகம் மாறியது. இருபத்து மூன்று வருடம் பழைய மாதிரி எழுதிச் சொல்லிக்கொடுத்த கை. அப்பத்தா ஒரு நோட்டு முழுக்க 'லை லை லை' என்றும் 'னா னா னா' என்றும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுதிப் பழகியிருக்கிறார், அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. முதல் பக்கத்தில் நான்காவது வரியிலேயே கை மறந்து பழைய 'லை' வந்திருக்கிறது, அதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதியிருக்கிறார், இரண்டு பக்கம் தள்ளி மறுபடியும். கரும்பலகையில் அதற்குப் பிறகு ஒருநாளும் பழைய எழுத்து வந்ததில்லை என்று அவருடைய மாணவர்கள் சொல்கிறார்கள். ஆனால் வீட்டுக் கணக்கு நோட்டில், 2020 வரைக்கும், 'வெற்றிலை'க்குத் தும்பிக்கை இருக்கிறது.

அதே ராத்திரி விளக்கில்தான் பெரிய அத்தையையும் உட்காரவைத்தார். அத்தைக்கு அப்போது கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருந்தது. முதலில் எட்டாவதுக்கான ஈ.எஸ்.எல்.சி., பிறகு பத்தாவது, எல்லாம் தனித்தேர்வராக. கணக்கில் இரண்டு முறை போனது, மூன்றாவது முறை வந்தது. மாமா வீட்டில் முணுமுணுத்தார்கள், அப்பத்தா பரீட்சை சமயத்தில் மட்டும் தானே போய் அத்தையின் குழந்தையைத் தூக்கிவந்து வைத்துக்கொள்வார். 1982 ஜூலையில் திருச்சி பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அமைப்பாளர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள், அத்தைக்குப் பக்கத்து ஊரில் கிடைத்தது. தொகுப்பூதியம்தான், கொஞ்சம்தான். ஆனால் அத்தை முதல் மாதச் சம்பளத்தை அப்பத்தா கையில் கொடுத்தபோது அவர் அதை வாங்காமல், "உம்பேருல பேங்க்ல போடு" என்று சொன்னதை அத்தை இன்றைக்கும் சொல்வார்.

அப்புறம் அறிவொளி. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது அப்பத்தாவுக்கு 54 வயது, ஓய்வுக்கு நான்கு வருடம். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். இந்தியாவில் எழுத்தறிவு இயக்கம் நடந்த மாவட்டங்கள் நிறைய, ஆனால் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது புதுக்கோட்டை. அதன் அருமை அங்கே இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தண்ணீர் எடுக்க, பூவைச் சந்தைக்குக் கொண்டுபோக, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட, எல்லாவற்றுக்கும் ஒரு ஆம்பளை வரும் வரை காத்திருந்த பெண்கள் தாங்களே மிதித்துக்கொண்டு போனார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் பார் வைத்த ஆம்பளை சைக்கிளையே எடுத்தார்கள், பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. ரோட்டோரம் நின்று கேலி பேசியவர்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் மறைந்துபோனார்கள், சைக்கிள் நிலைத்தது.

அப்பத்தா சாயங்காலம் ஆறரைக்கு மேல் கோயில் திடலில் வகுப்பு எடுத்தார். வந்தவர்களில் பலர் அவரிடம் ஒன்றாவது இரண்டாவது படித்து நின்றவர்கள், இருபது வருடம் கழித்து மறுபடி அதே டீச்சர். பூ பறிக்கிற வேலை பார்த்த ஒரு அக்கா, மூன்றாவதோடு நின்றவர், பத்து நாளில் சைக்கிள் பழகிவிட்டு அப்பத்தாவிடம் வந்து, "டீச்சர், எனக்கு நீங்க எழுத்து சொல்லிக்குடுத்தீக, ஒங்களுக்கு நான் சைக்கிள் சொல்லித்தாரேன்" என்றிருக்கிறார். விடியற்காலையில், ஆள் நடமாட்டம் இல்லாத கண்மாய்க்கரை ரோட்டில், வெள்ளைச் சேலையை வாரிச் செருகிக்கொண்டு 54 வயது டீச்சர் சைக்கிள் பழகினார். முழங்கையில் அந்தத் தழும்பு கடைசி வரை இருந்தது. அதன்பிறகு ஓய்வு பெறும் வரை சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போனார், வராத பிள்ளைகளின் வீட்டுக்கும் அதிலேயே.

ஆத்தாவையும் விடவில்லை. அப்போது அவருக்கு 75க்கு மேல் இருக்கும். வாழ்நாள் முழுக்கக் கூலிக்குப் போய் எங்கள் குடும்பத்தைத் தாங்கியவர், கூட்டுறவுச் சங்கத்தில் கைநாட்டு வைத்தே பழகியவர். சிலேட்டில் தன் பெயரின் நான்கு எழுத்தை எழுத ஒரு மாதம் ஆனது. அதற்குமேல் படிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "எம்பேரு எனக்குப் போதும்டி" என்றார். வீட்டுக்கு வரும் யார் கையிலாவது பேனா இருந்தால் வாங்கி, கிடைத்த காகிதத்தில் எழுதிக் காட்டுவார்.

ஓய்வு பெற்ற பிறகு 1996ல் சொத்துப் பிரிவினை வந்தது. தாத்தா வழி நிலம் கொஞ்சம், வீடு. பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989ல் சட்டம் வந்திருந்தது, ஆனால் அதற்கு முன்பே கல்யாணமாகிப் போன பெண்களுக்கு அது அன்றைக்குப் பொருந்தவில்லை. சின்ன அத்தைக்கு 1990ல் கல்யாணம், அவருக்கு உண்டு. பெரிய அத்தைக்கு இல்லை. பத்திரம் எழுத வந்தவர் இதைச் சொன்னபோது அப்பத்தா எங்கள் அப்பாவையும் சித்தப்பாவையும் பார்த்தாராம். "இவ ஏழாப்போட நின்னதாலதான் நீங்க ரெண்டு பேரும் படிச்சீக, இந்தக் கடைக்குட்டி உசுரோட இருக்கா. சட்டம் இவள விட்டாலும் நான் விடமாட்டேன்" என்றார். நான்கு பங்கு, சமமாக. அதிலும் வீடு இருக்கும் மனை பெரிய அத்தைக்கு. சித்தப்பாவுக்கு முதலில் வருத்தம் இருந்தது, இரண்டு மூன்று வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த இரண்டு மூன்று வருடமும் அப்பத்தா மாதம் ஒருமுறை பஸ் ஏறி சித்தப்பா வீட்டுக்குப் போய், ஒருநாள் இருந்து, பேரப்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்துகொண்டேதான் இருந்தார். சரியாகிவிட்டது.

2018 நவம்பரில் கஜா புயல் ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. அப்பத்தா கொல்லையில் இருந்த பலா, தாத்தா வைத்தது, அதுவும் போனது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. 81 வயதில் அவர் கம்பை ஊன்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய், அங்கே தங்கியிருந்த குடும்பங்களின் பெயரை எழுதி, யார் வீட்டு ஆள் இன்னும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தார். கொரோனா ஊரடங்குக்குப் பிறகு 2021 கடைசியில் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பெண் தன்னார்வலராகப் பாடம் எடுத்தாள், அப்பத்தாவின் மாணவியின் பேத்தி. அப்பத்தா நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார், குறுக்கே பேச மாட்டார்.

காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. அந்தச் செய்தியை டிவியில் பார்த்ததும் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போ என்று அத்தையிடம் ஒரே பிடிவாதம். அவர் வேலை பார்த்த காலத்தில் காலைப் பிரார்த்தனையில் பிள்ளைகள் மயங்கி விழுவது சாதாரணம், கேட்டால் நேற்று மத்தியானம் பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டதுதான் கடைசிச் சாப்பாடாக இருக்கும். அதற்காகவே கைப்பையில் எப்போதும் பொட்டுக்கடலையும் வெல்லமும் வைத்திருப்பார். ஆட்டோ பிடித்துப் போனார்கள். பொங்கலும் சாம்பாரும் பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்கும் வரை உட்கார்ந்து பார்த்தார், தனக்கும் கொஞ்சம் வாங்கிச் சாப்பிட்டார், உப்பு சரியாக இருக்கிறது என்று சமைத்த பெண்ணிடம் சொன்னார். அப்புறம் இன்றைக்கு எத்தனை பேர் வரவில்லை என்று கேட்டார்.

மூன்று பேர். பெயர்களைக் கேட்டுக்கொண்டு வந்து நோட்டில் எழுதி அத்தையிடம் கொடுத்தார். அத்தை மறுநாள் போய்ப் பார்த்ததில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், ஒன்று சும்மாவே வீட்டில் நின்றிருந்தது, அடுத்த நாள் வந்துவிட்டது. மூன்றாவது பிள்ளையின் குடும்பம் செங்கல் சூளை வேலைக்குப் போய்விட்டது, எந்த ஊர் என்று பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. அப்பத்தா கடைசி வரை அந்தப் பெண் பிள்ளையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் இறந்து கருமாதி எல்லாம் முடிந்து, மாசி மாதம் அந்தக் குடும்பம் ஊர் திரும்பியது. அத்தைதான் போய்க் கூட்டிவந்து இரண்டாம் வகுப்பில் உட்காரவைத்தார். சூளையில் இருந்த மாதங்களில் எழுத்தெல்லாம் மறந்துபோயிருந்தது, சாயங்காலம் வீட்டுக்கு வரச்சொல்லி அத்தை சொல்லிக்கொடுக்கிறார். கணக்கு மட்டும் எனக்கு வராது, அதுக்கு வேற ஆள் பாக்கணும் என்று போனில் என்னிடம் சொன்னார். லீவுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.